எரியாமலே தொலைந்த நூலகம்

நூலகம் அழிந்தது என்றால் நெருப்புதான் நம் நினைவுக்கு வரும். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஆனால், ஏடுகள் எரியாமலேயே ஒரு நூலகம் தொலைந்துபோவதும் உண்டு. ஒசூரும் கிருஷ்ணகிரியும் ஒரு காலத்தில் அடங்கியிருந்த மைசூர் அரசின் வரலாறே அதற்குச் சான்று.

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் ஷஹீதானார். அவருடைய அரண்மனையில் ஏறத்தாழ 2,000 கையெழுத்துப் பிரதிகள் இருந்தன. குர்ஆன் பிரதிகள், தஃப்ஸீர், ஹதீஸ், ஃபிக்ஹ், தஸவ்வுஃப், வரலாறு, மருத்துவம், கவிதை என அவை பரந்திருந்தன. பெரும்பாலானவை அரபியிலும் பாரசீகத்திலும் எழுதப்பட்டவை. அவற்றுள் பல, சவணூர், கடப்பை முதலிய இடங்களிலிருந்து மைசூர்ப் படைகள் கைப்பற்றி வந்தவை என்பதையும் நாம் மறைக்கலாகாது. நூல்களை இழந்த ஊர்கள் அதற்கு முன்னரும் இருந்தன.

கும்பெனியார் அந்நூல்களை எரிக்கவில்லை. பெரும்பகுதியைக் கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரிக்கு அனுப்பினர். சார்லஸ் ஸ்டூவர்ட் அவற்றுக்கு ஒரு பட்டியல் தொகுத்து 1809-இல் வெளியிட்டார். இன்று பல பிரதிகள் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்திலும், சில கொல்கத்தா ஆசியக் கழகத்திலும் பாதுகாப்பாக உள்ளன. ஏடுகள் பிழைத்தன, ஆனால் அவை இருந்த மண்ணின் மக்களிடமிருந்து பிரிந்தன. அதனால்தான் திப்புவின் வாளைப் பற்றி ஓயாது பேசும் நாம், அவருடைய நூல்களைப் பற்றிப் பேசுவதே இல்லை.

அன்று அரண்மனைக்குள் இருந்த செல்வம் பின்னாளில் எளியோர்க்கும் உரியதாயிற்று. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. சொத்து வரியோடு நாம் செலுத்தும் நூலக வரியும் அச்சட்டத்தின் வழி வந்ததே. ஆலையில் இரவுப்பணி முடித்து வரும் இளைஞருக்கும், தேர்வுக்குப் படிக்கும் நம் பெண்பிள்ளைகளுக்கும் அந்த மேசையில் இடமுண்டு. ஆள் வராத நூலகத்தை மூட எவரும் தீ வைக்க வேண்டியதில்லை. பாட்டனார் ஓதிய உருது கிதாபுகள், அவ்வெழுத்தறியாத பேரப்பிள்ளைகளின் வீட்டு அலமாரியில் உறங்குவதும் இதே இழப்புதான்.

ஹிரா குகையில் இறங்கிய முதல் வஹீ ஓதுமாறு ஏவியது. அந்த ஏவலைச் சுமக்கும் உம்மத், வரும் விடுமுறையில் பிள்ளைகளை ஊர்ப்புற நூலகத்துக்கு அழைத்துச் சென்று உறுப்பினராக்கட்டும். அல்லாஹ் நமக்குப் பயனுள்ள கல்வியை அருள்வானாக. ஆமீன்.