வாயுதூத்தும் வயிறும்

பொம்மையார்பாளையத்துக்குத் தெற்கே லாசுப்பேட்டை ஓடுதளத்தில் எண்பதுகளின் இறுதியில் வாயுதூத் விமானங்கள் இறங்கின. அதே நிறுவனம்தான் 1988இல் லட்சத்தீவின் அகத்திக்கும் டோர்னியர் விமானம் விட்டது. கொச்சியிலிருந்து கப்பலில் இரவெல்லாம் போகும் தூரம் ஒன்றரை மணி நேரமானது. பிரசவம் சிக்கலானால் கரைக்கு ஓட வேண்டிய தீவுப் பெண்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

வாயுதூத்தை 1981 ஜனவரியில் பெற்றெடுத்தவை ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும். அவற்றின் பணிப்பெண் முதல்முறை கருவுற்றாலே வேலை போகும். வயது 35 ஆனாலும் போகும். ஏர் இந்தியாவில் அதே விமானத்தில் உடன் உழைத்த ஆண் பர்சருக்கு ஓய்வு 58இல். தாய் நிறுவனம் என்கிறோமே, அந்தச் சொல்லைக் கொஞ்சம் யோசியுங்கள்.

நர்கேஷ் மீர்சா வழக்கில், அதே ஆண்டு ஆகஸ்டில், கருவுறுதல் விதியை உச்ச நீதிமன்றம் அடித்தது. பணியில் சேர்ந்த நான்கு ஆண்டுக்குள் திருமணம் கூடாது என்பதை விட்டுவைத்தது. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு நல்லதாம்! இத்தனைக்கும் 1966 முதலே இந்தியன் ஏர்லைன்ஸில் துர்பா பானர்ஜி விமானம் ஓட்டிக்கொண்டிருந்தார். வானில் பெண் பறப்பது அவர்களுக்குப் புதிதல்ல. அவள் வயிறுதான் உறுத்தியது.

வாயுதூத் 1993இல் இந்தியன் ஏர்லைன்ஸோடு இணைக்கப்பட்டது.