பினாங்கு லாயர்

போன மாதம் கொடிமலையிலிருந்து இறங்கும்போது என் கார்பன் ஊன்றுகோல் பாறை இடுக்கில் மாட்டி, படக்கென்று இரண்டாக முறிந்தது. நண்பனின் அலுமினியக் கோலும் அப்படித்தான் மாட்டியது. ஆனால் வளைந்ததோடு சரி. முட்டியில் வைத்து நிமிர்த்தி, அடிவாரம் வரை ஊன்றியே வந்துவிட்டான். எவ்வளவு பாரம் தாங்கும் என்பது பாதிக் கேள்விதான், எப்படி உடையும் என்பது மீதி என்று முதல் வருஷம் படித்தது அப்போதுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்து கைத்தடிகளைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தால், நம்ம ஊர்ப் பேரிலேயே ஒரு தடி: 'பினாங்கு லாயர்'. ஷெர்லாக் ஹோம்ஸ் வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். 1901இல் தொடராக வரத் தொடங்கிய 'பாஸ்கர்வில்ஸ் வேட்டைநாய்' நாவலின் தொடக்கத்தில் டாக்டர் மார்ட்டிமர் மறந்துவிட்டுப் போவது இந்தத் தடியைத்தான். 1892இல் வந்த 'சில்வர் பிளேஸ்' கதையில், ஈயம் ஏற்றிய இதே தடியைக் கொலை ஆயுதம் என்று போலீஸ் சந்தேகிக்கிறது.

இது பிரம்பு இல்லை. லிகுவாலா அகுட்டிஃபிடா என்ற குட்டைப் பனையின் தண்டு. இளந்தண்டின் மேல்தோல் மட்டும் போகும்படி கண்ணாடிச் சில்லால் சுரண்டி, நெருப்பில் காட்டி நிமிர்த்தி, மெருகேற்றுவார்கள். பிறகு பினாங்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கப்பல் ஏறும். 1886இல் வெளியான 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி இதையெல்லாம் சொல்லிவிட்டு, அழகானது, கெட்டியானது, ஆனால் சில சமயம் முறியக்கூடியது என்றும் குறிப்பிடுகிறது. என் கார்பன் கோலுக்கும் அப்படியே பொருந்தும்!

அதென்ன லாயர்? பினாங்கில் வழக்குகளைத் தடிதான் தீர்த்துவைத்தது என்பது அன்றைய வேடிக்கைப் பேச்சு. நம்ம 'தடி எடுத்தவன் தண்டல்காரன்' மாதிரி. அகராதி அதை நம்பவில்லை. காட்டுப்பாக்கு என்று பொருள்படும் 'பினாங் லியார்' போன்ற ஏதோ ஒரு உள்ளூர்ச் சொல்தான் திரிந்து 'லாயர்' ஆகியிருக்க வேண்டும் என்கிறது. அகராதியைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல், தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர்.

தண்டை வெட்டிச் சுரண்டியவர்களின் சொல் தேய்ந்துபோய், வாங்கியவர்களின் வேடிக்கை நிலைத்துவிட்டது. தண்ணீர்மலையில் 513 படி ஏறிப் பார்க்கிற நம்ம தண்டாயுதபாணியின் பேரிலேயே தடி இருக்கிறது. ஆனால் பினாங்குத் தடியின் கதையை எனக்குச் சொன்னது ஒரு ஆங்கில அகராதி.

அடுத்தது அலுமினியம்தான். முறுக்கிப் பூட்டுவது மழையில் வழுக்குகிறது, அதனால் நெம்பிப் பூட்டுகிற வகை. ஊன்றி நின்றால் முழங்கை செங்கோணத்தில் மடங்க வேண்டும். இறக்கத்தில் கொஞ்சம் நீட்டிக்கொள்ளலாம். வளைந்தால் வளையட்டும், வீடு வந்து சேர்ந்தால் போதும்.