ஷாம் லிங்க்

சேலம் தலைமையகத்தையும் நாமக்கல் கிளையையும் ஒரு நிறுவனம் பி.எஸ்.என்.எல். போன்ற சேவையாளரின் எம்.பி.எல்.எஸ். வி.பி.என். வழியே இணைத்து, இரு முனையிலும் ஓ.எஸ்.பி.எஃப். இயக்குவதாகக் கொள்வோம். நடுவே பாதைத் தகவல்களைச் சுமப்பது பி.ஜி.பி. மறுமுனையில் அவை ஓ.எஸ்.பி.எஃப்.-க்குத் திரும்பும்போது, இரு ஊரும் ஒரே ஏரியாவில் இருந்தாலும், ஏரியாக்களுக்கு இடையிலான பாதைகளாகவே தெரியும்.

ராசிபுரம் வழியாக மெதுவான காப்பு லைன் ஒன்றும் இருந்தால் சிக்கல் தொடங்கும். காஸ்ட் எவ்வளவு கூடினாலும் ஏரியாவுக்குள்ளான பாதைக்கே ஓ.எஸ்.பி.எஃப். முன்னுரிமை தரும். காசு கொடுத்து வாங்கிய வேகமான வழி சும்மா கிடக்கும்.

2006 ஜூனில் வெளியான ஆர்.எஃப்.சி. 4577 இதற்குத் தரும் தீர்வே ஷாம் லிங்க்: சேவையாளரின் இரு விளிம்பு ரௌட்டர்களுக்கிடையே, அதே ஏரியாவைச் சேர்ந்த கற்பித இணைப்பு. அதன்பின் காஸ்ட் குறைந்த வழியே வெல்லும். இதன் முனை முகவரிகளை பி.ஜி.பி.-யில் மட்டுமே அறிவிக்க வேண்டும்.