கலவர ஏதிலியர் நிவாரணம்: கொழும்பிலிருந்து மொட்டமலை வரை

மதுரையிலிருந்து தென்காசி நோக்கிச் செல்லும் சாலையில் கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என ஊர்கள் அடுத்தடுத்து வருகின்றன. ராஜபாளையத்துக்கு அருகே மொட்டமலையில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. தமிழ்நாட்டின் இத்தகைய முகாம்களுக்கு வித்திட்டது, கொழும்பு வீதிகளில் காடையர் கும்பல்கள் நடத்திய வெறியாட்டம்.

1958 மே மாதக் கலவரத்தில் கொழும்பில் வீடிழந்த தமிழர்கள் றோயல் கல்லூரியிலும் வேறு சில இடங்களிலும் தங்கவைக்கப்பட்டு, பிறகு கப்பலில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டனர். உயிரைக் காத்த ஏற்பாடுதான் அது. ஆனால் அடித்தவர்கள் நகரில் இருந்தார்கள், அடிபட்டவர்கள் வெளியேறினார்கள். பின்வந்த ஒவ்வொரு கலவரத்திலும் இதுவே வழக்கமாயிற்று.

1977 ஆகஸ்ட் கலவரம் மலையகத் தோட்டத் தொழிலாளர்களையும் வடக்கு நோக்கித் துரத்தியது. அவர்களை வவுனியாப் பகுதியில் குடியமர்த்திய ‘காந்தியம்’ அமைப்பின் பணி இவ்வரலாற்றில் தனித்து நிற்கிறது. பொட்டலச் சோற்றோடு நில்லாமல் நிலம், பயிர், பிள்ளைகளின் படிப்பு என்று அது சிந்தித்தது. கட்டடக்கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் ராஜசுந்தரமும் அதை முன்நின்று நடத்தினர். 1983இல் இருவரும் கைதாயினர். ஜூலை 27 அன்று வெலிக்கடைச் சிறையில் ராஜசுந்தரம் கொல்லப்பட்டார். ஏதிலிகளுக்கு நிலம் தேடித் தந்தவருக்கு நேர்ந்த இம்முடிவை ஆறாத துயரம் என்றே சொல்ல வேண்டும்.

அதற்கு மூன்று நாள் முன்பே, ஜூலை 24 இரவில், கொழும்பு பற்றி எரியத் தொடங்கியிருந்தது. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கும்பல்கள் தமிழர் வீடுகளைத் தேடிப் பிடித்தன. தப்பியவர்கள் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலும் இரத்மலானை விமான நிலையத்திலும் கோயில்களிலும் தஞ்சம் புகுந்தனர். உயர் அதிகாரியும் கூலித் தொழிலாளியும் ஒரே தரையில் படுத்தனர். ‘லங்கா கல்யாணி’ போன்ற கப்பல்களும் இந்தியா அனுப்பிய ‘சிதம்பரம்’ கப்பலும் அவர்களை வடக்கே காங்கேசன்துறையில் கொண்டு சேர்த்தன.

வடக்கும் போர்க்களமானபோது மக்கள் கடல் தாண்டினர். 1983 ஜூலை முதல் 1987 ஜூலை வரை 1,34,053 பேர் தமிழகம் வந்ததாக அரசுக் கணக்கு காட்டுகிறது. அடுத்த அலைகள் 1989, 1996, 2006 ஆகிய ஆண்டுகளில் தொடங்கின. எனவே இன்று முகாம்களில் இருப்போரில் பலர் கொழும்புக் கலவரத்தில் அல்ல, பிந்தைய போரில் ஊரை இழந்தவர்கள். வருவோரை ராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம் முகாமில் பதிவு செய்து பிற மாவட்ட முகாம்களுக்குப் பிரித்து அனுப்புவது நடைமுறை.

1984இல் எஸ். சி. சந்திரகாசன் நிறுவிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், ஏதிலியரையே தொண்டர்களாகவும் பயிற்றுநர்களாகவும் ஆக்கியது. ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பின் முகாம்களில் கெடுபிடி இறுகியது. 1992இல் தொடங்கிய திருப்பி அனுப்புதலில், போகிறவர் மனமொப்பித்தான் போகிறாரா என்று விசாரிக்க ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்தது.

2021 ஆகஸ்டில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தைச் சட்டமன்றத்தில் அறிவித்தார். பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதும், குடும்பத் தலைவரின் மாத உதவித்தொகையை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்த்துவதும் அதில் அடங்கும். ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரும் ‘மறுவாழ்வு முகாம்’ என மாறியது.

வீடு கிடைத்தாலும் நாடு கிடைக்கவில்லை. 1951ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் ஆகியவற்றிலிருந்து வந்தோரை மட்டுமே கருதியது. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகனாகலாம். அதன்பின் முகாமில் பிறந்து, தாய் தந்தை இருவரும் ஏதிலியராக இருக்கும் பிள்ளைக்கு அந்த வழியும் இல்லை.