லூலா கேட்ட கேள்வி: ஒரு நாவலும் அதன் எதிரெதிர் வாசகர்களும்

1966ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஹனோவர் கவுண்டி பள்ளி வாரியம் ஒரு நாவலை ஒழுக்கக்கேடானது என்று சொல்லிப் பள்ளிகளிலிருந்து விலக்கியது. அது ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’. கதையின் நடுவே ஒரு பாலியல் வல்லுறவு வழக்கு வருவதுதான் வாரியத்தை உறுத்தியது. 15 ஆண்டுகள் கழித்து, 1981இல், இந்தியானா மாநிலத்தின் வாரன் பகுதியில் அதே நாவலைப் பள்ளியிலிருந்து எடுக்கும்படி கறுப்பினப் பெற்றோர் சிலர் கேட்டார்கள். நல்ல இலக்கியம் என்ற போர்வைக்குள் இந்நூல் நிறுவனமயமான இனவெறியைச் சுமந்து வருகிறது என்பது அவர்களின் வாதம். கோரிக்கை எடுபடாமல் போகவே, மனித உறவு ஆலோசனைக் குழுவிலிருந்து கறுப்பினப் பெற்றோர் மூவர் விலகினார்கள்.

தணிக்கை என்ற ஒரே தலைப்பின் கீழ் வைத்துவிட்டால் இவ்விரண்டு நிகழ்ச்சிகளும் ஒன்றுபோலவே தெரியும். உண்மையில் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை அவை. ஹனோவர் வாரியத்துக்கு நாவல் அளவுக்கு மீறிப் பேசிவிட்டது; வாரன் பெற்றோருக்குப் போதுமான அளவு பேசவில்லை. இந்நாவலைப் பற்றி 60 ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் வாக்குவாதம், ரசனை உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இடையிலான வாக்குவாதமாக ஒருபோதும் இருந்ததில்லை. நாவல் தன் வாசகருக்கென்று ஓர் இருக்கையை ஒதுக்கிவைத்திருக்கிறது. அதில் யாரால் உட்கார முடிகிறது, யாரால் முடியவில்லை என்பதிலிருந்தே இந்த எதிர்வினைகள் பிரிகின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

1960 ஜூலையில் வெளிவந்த நாவல் அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது. 1962இல் படமானது, வழக்கறிஞர் ஆட்டிகஸ் ஃபின்ச்சாக நடித்த கிரகரி பெக்குக்கு ஆஸ்கர் கிடைத்தது. உலகெங்கும் 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. நாவல் வெளிவந்த அதே ஆண்டு பிப்ரவரியில்தான் கிரீன்ஸ்பரோ நகரில் கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கான உணவு மேசையில் அமர்ந்து போராட்டத்தைத் தொடங்கியிருந்தார்கள். நாவலோ 1930களின் அலபாமாவுக்குப் போகிறது. அந்த அலபாமாவில்தான், 1931இல், ஒன்பது கறுப்பின இளைஞர்கள் மீது ஸ்காட்ஸ்பரோ வழக்கு சுமத்தப்பட்டது. தன் தெருவில் நடந்துகொண்டிருந்த அநீதியைப் பார்க்கக் கூசிய வெள்ளை வாசகர், கால் நூற்றாண்டு தள்ளி நின்று பார்க்க இக்கதை வழிசெய்தது. அதுவும் ஆட்டிகஸின் மகளான ஸ்கவுட் என்ற சிறுமியின் கண்கள் வழியாக. அவள் எதையும் ஏற்படுத்தியவள் அல்ல. எதற்கும் பொறுப்பேற்க வேண்டியவளும் அல்ல.

அந்த இருக்கை எவ்வளவு வசதியானது என்பதற்கு ஹனோவர் நிகழ்ச்சியின் பிற்பகுதியே சாட்சி. தடைக்கு எதிராக ‘ரிச்மண்ட் நியூஸ் லீடர்’ நாளிதழ் களமிறங்கி, மாணவர்களுக்கு நாவலை இலவசமாகக் கொடுத்தது. ஹார்ப்பர் லீ அந்த இதழுக்கு எழுதிய கடிதத்தில், தம் நாவல் பேசும் நெறி தென்மாநிலத்தவர் எல்லோருக்கும் பொதுவான மரபு என்று சொல்லி அதற்காக வாதாடினார். அந்த இதழின் தலையங்கப் பக்கத்தை நடத்திய ஜேம்ஸ் ஜே. கில்பாட்ரிக், 1950களில் பள்ளிகளில் இனப்பிரிவினை நீடிக்க வேண்டும் என்று ஓயாமல் எழுதியவர். அதற்கான சட்ட வாதங்களைப் பரப்பியவர்களில் முன்வரிசைக்காரர். வெள்ளைப் பிள்ளைகளோடு கறுப்பினப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்காரக் கூடாது என்றவருக்கு இந்த நாவலைக் கையில் எடுத்துக் கொடுப்பதில் தடை எதுவும் இருக்கவில்லை. லீயின் நோக்கத்தை இதனால் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் நாவல் தன் வாசகரிடம் என்ன கேட்கிறது, எதைக் கேட்காமல் விடுகிறது என்ற கேள்வியை இதன் பிறகு தள்ளிவைக்க முடியாது.

வழக்கறிஞர்கள் இந்த நாவலை வேறு எவரையும்விடக் கூடுதலாகச் சொந்தம் கொண்டாடினார்கள். அதே அளவுக்குச் சண்டையும் போட்டார்கள். ஆட்டிகஸைப் பார்த்தே சட்டம் படிக்க வந்ததாகச் சொல்லும் அமெரிக்க வழக்கறிஞர்கள் ஏராளம். 1997இல் அலபாமா வழக்கறிஞர் சங்கம் இந்தக் கற்பனைப் பாத்திரத்துக்கு லீயின் சொந்த ஊரான மன்றோவில்லில் நினைவுக்கல் நாட்டியது. அதற்கு ஐந்தாண்டு முன்பே, சட்ட அறநெறிப் பேராசிரியர் மன்றோ ஃப்ரீட்மன் ஆட்டிகஸைக் கொண்டாடுவதை நிறுத்துங்கள் என்று எழுதிப் பெரும் கண்டனத்துக்கு ஆளாகியிருந்தார். வல்லுறவுக் குற்றம் சாட்டப்பட்ட கறுப்பினத்தவர் டாம் ராபின்சனின் வழக்கை ஆட்டிகஸ் தானாக ஏற்கவில்லை, நீதிமன்றம் அவர் தலையில் கட்டியது; சட்டமன்ற உறுப்பினராக இருந்தும் பிரிவினைக்கு எதிராக அவர் ஒரு விரலையும் அசைக்கவில்லை என்பவை ஃப்ரீட்மன் வைத்த குற்றச்சாட்டுகள். 2009இல் மால்கம் கிளாட்வெல் ‘நியூயார்க்கர்’ இதழில் இதே தடத்தில் எழுதினார்: ஆட்டிகஸ் மனிதர்களின் மனத்தைத்தான் திருத்தப் பார்க்கிறார், சட்டத்தைத் திருத்த முயலவில்லை.

இவர்கள் எல்லோரும் ஆட்டிகஸையே பார்க்கிறார்கள். டாம் ராபின்சனைப் பார்த்தால் வேறொன்று தட்டுப்படும். அரசு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் கேட்கிறார்: கூலி வாங்காமல் அந்த வெள்ளைப் பெண்ணுக்கு ஏன் இத்தனை வேலை செய்து கொடுத்தாய்? அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது என்கிறான் டாம். அந்த ஒரு பதில் அவனைக் கவிழ்த்துவிடுகிறது. அவன்மேல் குற்றம் சாட்டிய மேயெல்லா யூவெல் ஊரிலேயே கடைநிலை வெள்ளைக் குடும்பத்துப் பெண்; ஆனாலும் ஒரு கறுப்பன் அவள்மேல் இரக்கப்படுவதை அந்த ஊரின் ஒழுங்கு பொறுக்காது. சாட்சியங்கள் எல்லாம் டாமின் பக்கம் இருக்கின்றன. இரக்கப்படும் உரிமை அவன் பக்கம் இல்லை. இனவெறியின் அமைப்பை இவ்வளவு சிக்கனமாகத் திறந்துகாட்டும் காட்சிகள் அமெரிக்கப் புனைவில் அதிகம் இல்லை. லீயை எளிதாக ஒதுக்கித் தள்ளுபவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அதே லீ இன்னோரிடத்தில் ஒரு கதவைத் திறந்து, உடனே மூடியும் விடுகிறார். 12ஆம் அத்தியாயத்தில் ஆட்டிகஸ் வெளியூர் போயிருக்க, சமையல்காரி கால்பூர்னியா குழந்தைகளைத் தன் தேவாலயத்துக்கு அழைத்துப் போகிறாள். என் பிள்ளைகளை நான் கவனிப்பதில்லை என்று எவரும் சொல்லிவிடக் கூடாது என்று முதல் நாள் இரவே ஸ்கவுட்டைத் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள். உடைக்குக் கஞ்சி போடுகிறாள். வாசலில் லூலா என்ற உயரமான பெண் வழிமறிக்கிறாள். கறுப்பினத்தவர் தேவாலயத்துக்கு வெள்ளைப் பிள்ளைகளை எதற்குக் கூட்டிவந்தாய் என்று கேட்கிறாள். இவர்கள் என் விருந்தாளிகள் என்று கால்பூர்னியா சொன்னதும், வார நாட்களில் ஃபின்ச் வீட்டில் நீயும் விருந்தாளியாகத்தான் இருக்கிறாயாக்கும் என்று லூலா திருப்பிக் கொடுக்கிறாள்.

நாவலின் மிகக் கூர்மையான கேள்வி அது. வாரம் முழுக்க வெள்ளையர் வீட்டில் வேலைசெய்யும் மக்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு கூரை மட்டும் தங்களுக்கென்று இருக்கக் கூடாதா? பதில் இல்லை. கூட்டம் குழந்தைகளைச் சூழ்ந்து வரவேற்கிறது, லூலா மறைந்துபோகிறாள். அவள் எப்போதும் வம்புக்காரி, கண்டுகொள்ளாதீர்கள் என்று கால்பூர்னியாவின் மகன் ஜீபோ பிள்ளைகளைச் சமாதானப்படுத்துகிறான். ஸ்கவுட்டுக்கு அது போதும். ஸ்கவுட்டின் இருக்கையில் அமர்ந்த வாசகருக்கும் போதும். லூலாவின் பக்கத்தில் நிற்கும் வாசகருக்கு, தன் குரல் ஒரு பக்க அளவுக்கு வந்து வம்பு என்று பெயர் சூட்டப்பட்டு வெளியேறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழியில்லை. 1981இல் வாரன் பெற்றோருக்கு நேர்ந்ததும் இதுவே. 2003இல் ‘ரேஸ் அண்ட் கிளாஸ்’ ஆய்விதழில் ஐசக் சேனி இந்நாவலுக்கு எதிரான வழக்கை விரிவாக எழுதியபோது, கறுப்பின மக்களைச் செயலற்றவர்களாக, மீட்பவருக்காகக் காத்திருப்பவர்களாகக் காட்டுவதே அதன் மையக் குறை என்றார். சேனியின் வாசிப்பு கடுமையானது. லூலா இருப்பதை மறந்துவிட்ட வாசிப்பும் கூட. நாவலில் எதிர்க்குரல் இருக்கிறது. அதை என்ன செய்வதென்று நாவலுக்குத்தான் தெரியவில்லை.

மன்றோவில் நகரமே இந்த வாசிப்புப் பிளவின் கண்கூடான உதாரணம். 1990களிலிருந்து அங்கே ஆண்டுதோறும் நாவல் நாடகமாக நடக்கிறது. பழைய நீதிமன்ற அறையிலேயே விசாரணைக் காட்சி அரங்கேறும், பார்வையாளர்களிலிருந்து ஜூரி தேர்ந்தெடுக்கப்படும். அதே ஊரில் 1986இல் ஒரு வெள்ளை இளம்பெண் கொலை செய்யப்பட்டார். வால்டர் மெக்மில்லியன் என்ற கறுப்பின மரவியாபாரி கைதானார். சம்பவ நேரத்தில் அவர் தம் வீட்டில் மீன் வறுவல் விருந்தில் இருந்ததைக் கண்டவர்கள் பலர்; அவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் கறுப்பினத்தவர். ஜூரி அவர்களை நம்பவில்லை. ஜூரி ஆயுள் தண்டனை பரிந்துரைத்தும், நீதிபதி அதைத் தள்ளி 1988இல் மரண தண்டனை விதித்தார். வழக்கறிஞர் பிரையன் ஸ்டீவன்சன் போராடி 1993இல் அவரை விடுவித்தார். நாவலைப் பெருமையாகக் காட்டும் ஊரில் அந்த நாவலின் பாடம் எங்கும் ஒட்டவில்லை என்பதை ஸ்டீவன்சன் தம் ‘ஜஸ்ட் மெர்சி’ நூலில் வேதனையோடு பதிவுசெய்கிறார். டாமுக்காகக் கண்ணீர் விடுவதும் மெக்மில்லியனின் சாட்சிகளை நம்புவதும் வெவ்வேறு செயல்கள். முதலாவதை நாவல் கற்றுத் தந்தது.

2015இல் லீயின் ‘கோ செட் எ வாட்ச்மேன்’ நாவல் வந்தபோது எழுந்த அதிர்ச்சியையும் இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். அதில் முதிய ஆட்டிகஸ் இனப்பிரிவினையை ஆதரிக்கும் வெள்ளையர் குடிமக்கள் மன்றத்தின் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். துரோகம் என்று குமுறியவர்கள் பலர். லூலாவோடு நின்று படித்தவர்களுக்கு அது அவ்வளவு புதிதாக இருந்திருக்காது. முதல் நாவலிலேயே, டாமை அடித்துக் கொல்லச் சிறைவாசலுக்கு வந்த கும்பலில் ஒருவரான கன்னிங்ஹாமை, அடிப்படையில் நல்ல மனிதர், சில குருட்டுப் புள்ளிகள் இருக்கின்றன என்று ஆட்டிகஸ் பிள்ளைகளுக்கு விளக்குகிறார்.

ஆரன் சார்க்கின் 2018இல் பிராட்வே மேடைக்காக நாவலை மாற்றி எழுதியபோது அந்த இடத்தில்தான் கைவைத்தார். அவருடைய கால்பூர்னியா ஆட்டிகஸை எதிர்த்துப் பேசுகிறாள். எல்லோரிடமும் நல்லதையே தேடும் அவருடைய பழக்கத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று கேட்கிறாள். நாவலின் உணர்விலிருந்து விலகுகிறது என்று லீயின் சொத்து நிர்வாகத்தினர் வழக்குப் போட்டார்கள், பின்பு சமரசமானது.

பள்ளிகளுக்குத் திரும்பினால், அண்மைய முடிவுகளையும் ஒன்றாகக் கட்டிவைக்க முடியாது. 2017இல் மிசிசிப்பியின் பிலாக்சி, நாவலின் மொழி சிலருக்குச் சங்கடம் தருகிறது என்று எட்டாம் வகுப்பிலிருந்து எடுத்தது. சங்கடம் யாருடையது, எதனால் என்று கேட்காமல் எடுத்த முடிவு அது. 2020இல் கலிபோர்னியாவின் பர்பாங்க், கறுப்பினப் பெற்றோர் சிலரின் முறையீட்டை அடுத்து இந்நாவல் உட்பட ஐந்து நூல்களைக் கட்டாயப் பாடத்திலிருந்து விலக்கியது. முறையீட்டில் நியாயம் இருந்தது, தீர்வில் இல்லை. அந்த ஐந்தில் மில்ட்ரெட் டெய்லரின் ‘ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை’யும் ஒன்று. 1976இல் கறுப்பினப் பெண்மணி ஒருவர் எழுதிய, 1933இன் மிசிசிப்பியைக் கேசி லோகன் என்ற கறுப்பினச் சிறுமியே சொல்லும் நாவல் அது. வெள்ளைப் பிள்ளைகள் கிழித்துப் போட்ட பாடநூல்கள் கறுப்பினப் பள்ளிக்கு வருகின்றன. யார் யார் கையில் இருந்தது, எந்த நிலையில் இருந்தது என்ற அட்டவணை உள்ளட்டையில் ஒட்டியிருக்கிறது. ஆசிரியையான கேசியின் அம்மா ஒவ்வொரு புத்தகத்திலும் அதன்மேல் காகிதம் வெட்டி ஒட்டி மறைக்கிறாள். லீயின் கதை நடக்கும் மேகோம்பில், நீதிமன்றத்தின் மேல்மாடத்திலிருந்து ஸ்கவுட்டால் பார்க்க முடியாத காரியம் இது.

2022 ஜனவரியில் வாஷிங்டன் மாநிலத்தின் முக்கில்டியோ மாவட்டம் எடுத்த முடிவு இவற்றிலிருந்து வேறுபட்டது. கோரிக்கை வைத்தவர்கள் ஆசிரியர்கள். ஒன்பதாம் வகுப்பின் கட்டாயப் பட்டியலிலிருந்து ‘மாக்கிங்பேர்ட்’ நீங்கியது. விரும்பும் ஆசிரியர் கற்பிக்கத் தடையில்லை. இனி அதைக் கையில் எடுக்கும் ஆசிரியர் பழக்கத்தால் எடுக்க முடியாது, காரணத்தோடுதான் எடுக்க வேண்டும். கேசியை முதலில் படித்துவிட்டு 12ஆம் அத்தியாயத்துக்கு வரும் வகுப்பில், லூலாவை வம்புக்காரி என்று ஜீபோ சொல்லும்போது மறுத்துப் பேச ஒரு மாணவியாவது இருப்பாள். டாமின் இரக்கம் ஏன் குற்றமானது என்பதையும் அந்த வகுப்பே நன்றாகப் பேசும்.