ஜான் ரெசிக்

ஜான் ரெசிக் (பிறப்பு: மே 8, 1984) அமெரிக்க இணைய நிரலாளர், ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கான ஜேக்வெரி நிரலகத்தை உருவாக்கியவர். நியூயார்க் மாநிலத்தில் உள்ள ரோசெஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் கணினி அறிவியல் படித்தார். 2006 ஜனவரியில் நியூயார்க் நகரில் நடந்த பார்கேம்ப் கூட்டத்தில் ஜேக்வெரியை அறிமுகப்படுத்தியபோது அவருக்கு வயது 21.

அந்தக் காலத்து இணைய நிரலாளருக்குப் பாதி வேலை உலாவிகளோடு மல்லுக்கட்டுவதுதான். ஒரு பொத்தானைச் சொடுக்கியதும் ஏதாவது நடக்க வேண்டும் என்றால், பயர்பாக்ஸுக்கு 'ஆட்ஈவென்ட்லிசனர்' என்று எழுத வேண்டும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6-க்கு 'அட்டாச்ஈவென்ட்'. இரண்டையும் எழுதினாலும் தொல்லை தீராது. எக்ஸ்ப்ளோரரில் 'திஸ்' என்ற சொல் சொடுக்கப்பட்ட பொத்தானைக் குறிக்காமல் சாளரம் முழுவதையும் குறித்துவிடும். பக்கத்தை மீண்டும் ஏற்றாமல் சர்வரிலிருந்து தரவு பெறும் வழியும் உலாவிக்கு உலாவி மாறியது.

ரெசிக் இந்த வேறுபாடுகளை ஜேக்வெரிக்குள் வைத்து மூடினார். டாலர் குறி, அடைப்புக்குள் வேண்டிய உறுப்பைச் சுட்டும் சிஎஸ்எஸ் தேர்வி, ஒரு புள்ளி, செய்ய வேண்டிய வேலையின் பெயர் என ஒரே வரியில் காரியம் முடிந்தது. அடுத்த வேலையை அதே வரியிலேயே கோத்துக்கொண்டு போகலாம். பக்கத்தை வடிவமைப்பவர்களுக்கு, அதன் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் ஏற்கெனவே அத்துபடி என்பதால் புதிதாகக் கற்க அதிகம் இல்லை. தேடிய உறுப்பு பக்கத்தில் இல்லாவிட்டால் ஜேக்வெரி பிழை எதுவும் காட்டாது, பேசாமல் கடந்துபோகும். புதியவர்களுக்கு இது வசதி. பிழை தேடுபவர்களுக்குத் தலைவலி. ஜாவாஸ்கிரிப்டே தெரியாமல் ஜேக்வெரி மட்டும் தெரிந்த ஒரு தலைமுறை உருவானது என்ற குறையும் நியாயமானதே.

சிஎஸ்எஸ் தேர்விகளைக் கொண்டு உறுப்புகளைத் தேடுவது ரெசிக்கின் கண்டுபிடிப்பு அல்ல. டீன் எட்வர்ட்ஸின் சிஎஸ்எஸ்க்வெரி அதை முன்பே செய்தது. டாலர் குறியும் புரோட்டோடைப் நிரலகத்தில் இருந்ததுதான். ரெசிக்கின் திறமை வேறு இடத்தில் இருக்கிறது: எதை வெளியே காட்டுவது, எதை உள்ளே மறைப்பது என்ற தேர்வு, பயனர் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய ஆவணங்கள், பிறர் தம் செருகுநிரல்களைச் சேர்க்க இடம், பல உலாவிகளில் விடாமல் சோதிக்கும் பழக்கம். போட்டி நிரலகங்கள் பின்தங்கியதற்கு இவையே முக்கியக் காரணம் எனலாம். 2008-இல் மைக்ரோசாஃப்டும் நோக்கியாவும் ஜேக்வெரியைத் தம் மென்பொருள்களில் பயன்படுத்தப் போவதாக அறிவித்தன.

2007 முதல் மொசில்லாவில் பணியாற்றிய ரெசிக், 2011-இல் இலவசக் கல்வி வழங்கும் கான் அகாடமியில் சேர்ந்தார். அங்கு 2012-இல் வெளியான நிரலாக்கப் பயிற்சித் தளத்தை உருவாக்கியதில் அவருக்கு முதன்மைப் பங்கு உண்டு. திரையின் ஒரு பக்கம் மாணவர் எழுதும் நிரல், மறுபக்கம் அது வரையும் படம். எண்ணை மாற்றினால் படம் உடனே மாறும். படம் வரையும் வேலையைச் செய்த புராசஸிங்.ஜேஎஸ், 2008-இல் அவரே ஜாவாஸ்கிரிப்டுக்குக் கொண்டுவந்தது. 2012-இல், ஜப்பானிய மரச்செதுக்கு அச்சோவியங்கள் மீதான தம் ஈடுபாட்டால் உக்கியோ-எ.ஆர்க் தளத்தையும் தொடங்கினார். கையிலுள்ள ஓர் ஓவியத்தைப் படமெடுத்து ஏற்றினால், அதே அச்சின் பிற பிரதிகள் எந்தெந்த அருங்காட்சியகங்களில் உள்ளன என்று அது தேடிக் காட்டும்.

'சீக்ரெட்ஸ் ஆஃப் தி ஜாவாஸ்கிரிப்ட் நிஞ்ஜா' (பேர் பிபோல்ட்டுடன், 2012) அவருடைய நூல்களில் ஒன்று.

ஜேக்வெரி செய்த வேலையில் பெரும்பகுதியை இன்று உலாவிகளே செய்கின்றன. சிஎஸ்எஸ் தேர்வியைக் கொண்டு உறுப்புகளைத் தேடும் 'க்வெரிசெலக்டர்ஆல்' அதற்கு நேரடிச் சான்று. நிரலாளர்கள் நிரல் பகிரும் கிட்ஹப் தன் தளத்திலிருந்து ஜேக்வெரியை 2018-இல் நீக்கியது; 2021-இல் வந்த பக்க வடிவமைப்புக் கட்டமைப்பான பூட்ஸ்டிராப் 5-க்கும் அது தேவைப்படவில்லை. வேர்ட்பிரஸ் மென்பொருளோடு ஜேக்வெரி இன்னும் சேர்ந்தே வருகிறது.