மசூலா படகும் நம் வீட்டு ஜன்னலும்

"போன வருஷம்தானே சிமெண்ட் வைத்துப் பூசினோம், மறுபடியும் ஜன்னல் ஓரம் ஒழுகுகிறதே!" ஐப்பசி பிறந்தால் புதுவாயல் பக்கம் கேட்கிற புலம்பல் இது. இதற்கான விடை நம் சோழமண்டலக் கடற்கரையின் பழைய படகு ஒன்றில் இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் கட்டப்படும் வரை சென்னையில் கப்பல்கள் கரைக்கு வர முடியாது. கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்தவை மசூலா படகுகள். ஆணி அடித்த ஐரோப்பியப் படகுகள் அந்த அலையில் தரைதட்டினால் உடைந்துபோகும். மசூலாவில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, இணைப்புகளில் வைக்கோல் திணித்திருப்பார்கள். அலை மோதும்போது பலகை நெகிழும். அடைப்பும் கூடவே நெகிழும். அப்படியும் கசிகிற தண்ணீரை இறைத்துக்கொண்டே வருவார்கள்.

நம் ஜன்னலும் அசைகிறது. வெயிலில் அலுமினிய ஃபிரேம் சுவரைவிட அதிகமாக விரியும், இரவில் சுருங்கும். நடுவில் இறுகி நிற்கும் சிமெண்ட் விரிசல் விட்டுவிடும். எனவே மழைக்கு முன்பே பழைய பூச்சைச் சுரண்டி, தூசி துடைத்து, ஈரம் காய்ந்தபின் வெளிப்புறம் சிலிகான் சீலன்ட் போடச் சொல்லுங்கள். அது ரப்பர்போல இழுத்த இழுப்புக்கு வரும். மாடி வீடுகளில் நீங்களே எட்டிப் போட வேண்டாம். பாதுகாப்புக் கயிறுடன் வேலை செய்யும் ஆளை வையுங்கள்.

ஸ்லைடிங் ஜன்னலின் கீழ்த்தடத்தில் உள்ள சிறு துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். உள்ளே புகுந்த தண்ணீரை இறைத்து வெளியேற்றுபவை அவைதான்.